சும்மா இருக்க எவ்வளவு ஆகும்?

நடந்தால் பதினைந்து, திரும்பினால் இரண்டரை என்று போட்டிருக்கிறது. அதாவது ரோபோ ஓர் அடி முன்னால் போனால் பதினைந்து அலகு மின்சாரம், நின்ற இடத்திலேயே முகத்தைத் திருப்பினால் இரண்டரை. சரி, கட்டிலில் மல்லாந்து கிடக்கிற ஒருத்தி இடப்பக்கமாகப் புரண்டு படுக்க எவ்வளவு போடலாம்? என்னைக் கேட்டால் நாற்பது போடுவேன். வலது காலில் முழங்கால்வரை மாவுக்கட்டு. அதைக் கையால் தூக்கி, தலையணையை நகர்த்தி, பல்லைக் கடித்து, திரும்பிப் படுத்த பிறகு அந்தப் பக்கம் பார்க்க என்ன இருக்கிறது, சுவர்தான் இருக்கிறது. மாமி கொல்லைப்புறத்தில் ஊளிமீன் கழுவிய தண்ணீரில் நான் வழுக்கி விழுந்தேன், அதிலிருந்து அவளுக்கு என்னைப் பார்த்தாலே முட்டை அவிக்கத் தோன்றுகிறது. இப்போது தூத்துக்குடி முழுக்க இல்லாவிட்டாலும் எங்கள் தெரு முழுக்கக் கரண்ட் இல்லை, மாதாந்திரப் பராமரிப்பாம், சாயங்காலம்தான் வருமாம், மின்விசிறி அசையாமல் தொங்குகிறது, லேப்டாப் என் வயிற்றின்மேல் உட்கார்ந்து அடுப்பு மாதிரி சுடுகிறது, அதன் பேட்டரி கடைசிக் கோட்டில் நிற்கிறது, இந்த லட்சணத்தில் நான் இல்லாத உலகத்து ரோபோக்களுக்குக் கரண்ட் செலவு நிர்ணயம் செய்துகொண்டிருக்கிறேன். சிரிப்பு வருகிறது. சிரித்தால் வயிறு குலுங்கி லேப்டாப் ஆடுகிறது. சிரிப்பதற்கு ஒரு ஐந்து போடலாம். கட்டுக்குள்ளே அரிக்கிறது, சரியாகக் கணுக்காலுக்கு மேலே, விரல் போகாத இடத்தில். விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்குச்சி தலைமாட்டில்தான் இருந்தது, எங்கே போயிற்று, இதோ. ஆ. சொர்க்கம் என்று தனியாக ஒன்று எதற்கு, இது போதும்.

இந்தச் செலவுக் கோப்பில் ஒரே ஒரு வரிதான் பாக்கி. மற்ற எல்லா வரிகளையும் மூன்று பேரும் சண்டை போட்டு முடித்தாயிற்று. கட்டைகளை அடுக்கி வீடும் மலையும் கட்டுகிற விளையாட்டு இது, அதோடு நாங்கள் ஒட்டவைத்த மாட் என்கிற கூடுதல் துண்டு ஒன்று உண்டு, அதைப் போட்டால் அந்த உலகத்துக்குள்ளேயே கம்ப்யூட்டர் செய்யலாம், ரோபோ செய்யலாம், அவற்றுக்கு வேலை சொல்லிக்கொடுக்கலாம். விளையாடுவது நான்கு பேர். காயல்பட்டினத்தில் மொபைல் கடை வைத்திருக்கும் அனீஸ், அவன் கடை மூலையில் ஓடும் பழைய கம்ப்யூட்டர்தான் எங்கள் சர்வர். மதுரையில் கணக்கு வாத்தியாராக இருக்கும் மதுவந்தி, பாளையங்கோட்டையில் என் அறைத்தோழியாக இருந்தவள், அப்போதே என் ஷாம்புவைக்கூட அளந்துதான் எடுப்பாள். நான். அப்புறம் சில்வெஸ்டர், என் வீட்டுக்காரர், கப்பலில் இன்ஜின் ரூமில் இருக்கிறார், எந்தக் கடலில் என்று இன்றைக்குத் தெரியாது. இதுவரை எங்கள் உலகத்தில் கரண்டு இலவசம். அதனால் அனீஸ் ஒரு கரும்புத் தோட்டமும் அதைச் சுற்றி ஒரு பட்டாளம் ரோபோவும் வைத்து ஜமீன்தார் ஆகிவிட்டான். மதுவந்திக்குத் தாங்கவில்லை. "இலவசக் கரண்டுல என்னடி விளையாட்டு வேண்டிக் கெடக்கு, இனிமே எல்லாத்துக்கும் செலவு போடு" என்றாள். போட்டோம். நடக்க, திரும்ப, தோண்ட, திரையில் எழுத, விளக்கெரிய. கடைசியில் ஒரு வரியில் வந்து முட்டிக்கொண்டது. ரோபோ எந்த வேலையும் செய்யாமல் நிற்கிறதே, அப்போது எவ்வளவு? அனீஸ் பூஜ்யம் என்றான். "வேல செய்யாதவன்ட்ட எப்படிக்கா கூலி புடிப்பீங்க?" மதுவந்தி ஒன்று என்றாள், ஒன்று என்றால் வேலை செய்யும்போது ஆகிற அதே முழுச் செலவு. "நின்னாலும் அது மெஷின்தான, ஒண்ணுதான் நியாயம்." அரை மணி நேரம் கத்திவிட்டு, "ஜெனோ, நீயே ஒரு நம்பர் போட்ரு, நீ சும்மாதான இருக்க" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். அனீஸ் சாப்பிட்டுவிட்டு வந்ததும் சர்வரை அணைத்து மறுபடி போடுவான், அதற்குள் நான் கோப்பை அனுப்பியாக வேண்டும். நீ சும்மாதான இருக்க. சும்மாவா இருக்கிறேன்? எலும்பு சேர்ந்துகொண்டிருக்கிறது, அம்மா தாயே. டாக்டர் சொன்னார், பாலைக் குடி, முட்டையைத் தின்னு, உள்ளே பெரிய வேலை நடக்கிறது என்று.

"எம்மா ஜெனோவா, பால் ஆறிப் போவுதே, குடிச்சியா?" அடுக்களையிலிருந்து மாமி. "குடிச்சுட்டேன் மாமி." "முட்ட?" "அதும் உள்ள போயிட்டு." "ஒண்ணா ரெண்டா?" ஒன்று உள்ளே, இன்னொன்று ஜன்னல் திண்டில் இருக்கிறது, காக்கை வரும் என்று காத்திருக்கிறேன். மாமி கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துவிட்டு ஜெபமாலைக்குத் திரும்பிவிட்டாள், முணுமுணுப்பு கேட்கிறது. அவள் ஜெபமாலை சொல்லும் வேகத்தை வைத்தே மகன் சில்வெஸ்டரிடமிருந்து செய்தி வந்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று நான் சொல்லிவிடுவேன். செய்தி வந்த அன்றைக்கு நிதானமாக, ஒவ்வொரு அருள்நிறைந்த மரியாயும் காற்றாட நடந்துபோகும். இன்றைக்கு ஓடுகிறது. எனக்கும் ஓடுகிறது, ஆனால் நான் வாயைத் திறக்க மாட்டேன், அவளும் திறக்க மாட்டாள், இந்த வீட்டில் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி முட்டையாலும் பொய்யாலும் பார்த்துக்கொள்கிறோம். கடைசியாக அவர் எழுதியது இவ்வளவுதான்: துறைமுகத்தில் இடம் கிடைக்கவில்லை, வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறோம், சும்மாதான் கிடக்கோம், சிக்னல் வந்தால் வாரேன். சும்மாதான் கிடக்கிற ஆள் ஒரு வார்த்தை எழுத முடியாதா? சிக்னல் இல்லை என்றுதானே சொன்னார், முடியாது. சரி. முடியாதுதான். கடலில் சும்மா நிற்கிற கப்பலுக்கு என்ன வரப்போகிறது, ஓடுகிற கப்பலுக்கு அல்லவா வரும். அப்படித்தானே? இதைத் திருப்பித் திருப்பிக் கேட்காதே ஜெனோவா, நீ ரோபோவைப் பார்.

ரோபோதான் விஷயம். மற்றவர்களுக்கு இந்த வரி ஒரு நம்பர், எனக்கு மக்ரூன். போன லீவில் சில்வெஸ்டர் இதே கட்டிலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து மக்ரூன் தின்றுகொண்டே முதல் ரோபோவைச் செய்தார், முந்திரிப்பொடி கீபோர்டு இடுக்கெல்லாம், பெயர் கேட்டபோது கையில் இருந்ததையே வைத்துவிட்டார். கூம்பு மாதிரியெல்லாம் இல்லை அது, சதுரப் பெட்டி, முதுகில் ஒரு பச்சை விளக்கு. அந்த உலகத்தில் அவர் வீடு கடலோரம், என் வீடு மலைக்கு இந்தப் பக்கம், நடுவில் மலை. ஒரே வீடாகக் கட்டியிருக்கலாமே என்று மதுவந்தி கேட்டாள். நிஜத்தில் ஒரே வீடு வைத்துக்கொண்டு என்ன வாழ்ந்தோம் என்றேன், விளையாட்டாகத்தான் சொன்னேன், அவர் முகம் கொஞ்சம் மாறிவிட்டது. கப்பலேறும் முன் மக்ரூனை மலைக்குள்ளே இறக்கிவிட்டுப் போனார். "ஏட்டி ஜெனோ, இவன் எங்க வீட்டுலருந்து ஒங்க அடுக்களைக்குக் குகை தோண்டிட்டு வருவான். நான் இருந்தாலும் இல்லாட்டியும் தோண்டுவான். ஆனா நீ உள்ள எட்டிப் பாத்துராத, பாத்தன்னா சப்புன்னு போயிரும்." நான் பார்க்கவே இல்லை. சத்தியமாக. ஒரே ஒரு தடவை குகை வாசல்வரை போய் இருட்டைப் பார்த்துவிட்டு வந்தேன், அது பார்த்ததில் சேராது. இதுவரை கரண்டு இலவசம், மக்ரூன் பாட்டுக்குத் தோண்டியது. இன்றைக்குச் சர்வர் எழுந்ததும் அது தன் வயிற்றில் இருப்பதை வைத்துத்தான் வாழ வேண்டும், குகைக்குள் சார்ஜ் போட வழியில்லை. தீர்ந்தால் அணைந்துவிடும். அணைந்தால் நினைவு போய்விடும், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எத்தனை அடி வந்தோம், எந்தத் திசையில் போகிறோம் எல்லாம் அதன் மண்டைக்குள் மட்டும்தான் இருக்கிறது. மறுபடி உயிர் கொடுத்தால் தான் விழுந்து கிடக்கிற அந்த இருட்டு மூலையையே வீடு என்று எண்ணிக்கொள்ளும், அங்கிருந்து ஏதோ ஒரு பக்கம் தோண்டிக்கொண்டு போகும், என் அடுக்களையை அதற்குத் தெரியாது, என்னைத் தெரியாது.

வேலைச் செலவைப் பற்றி அவருக்குத் தெரியும், சிக்னல் போகும் முன் கேட்டுவிட்டேன். போடுங்க, அவன் வயிறு நெறஞ்சு இருக்கு, தோண்டுத செலவுக்குத் தாங்கும் என்று எழுதினார். நிற்கிற செலவைப் பற்றி யாரும் அப்போது யோசிக்கவில்லை. தோண்டுகிறவன் எங்கே நிற்கப் போகிறான் என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் நின்றால்? குழம்பு மாதிரி கொதிக்கிற நெருப்பாறு எதிர்ப்பட்டால் நின்றுவிடும், உத்தரவு வரட்டும் என்று காத்துக்கொண்டே இருக்கும், அப்படித்தான் அவர் சொல்லிக்கொடுத்திருப்பார், கவனமான ஆள், அடுப்பை மூடினோமா என்று பேருந்து நிலையத்திலிருந்து திரும்பி வருகிற ஆள். மதுவந்தி சொன்ன ஒன்றைப் போட்டால், நின்ற இடத்திலேயே அரை மணி நேரத்தில் மக்ரூன் காலி. பூஜ்யம் போட்டுவிட வேண்டியதுதானே, என் கையில்தானே இருக்கிறது, யார் கேட்கப் போகிறார்கள்? மதுவந்தி கேட்பாள். அவள் கேட்காவிட்டாலும், பூஜ்யம் என்றால் அனீசின் பட்டாளம் இலவசமாக நின்று தின்று கொழுக்கும், நாளைக்கு எல்லோரும் கரும்பு ஜமீன்தார், விளையாட்டே செத்துவிடும், வீட்டுக்காரருக்காக உலகத்தின் சட்டத்தை வளைத்தவள் என்ற பெயர் எனக்கு. அதைவிட, அது உண்மையும் இல்லை. நிற்கிறதற்குச் செலவு இல்லை என்று யார் சொன்னது?

பேட்டரி சிவப்புக்கு வந்துவிட்டது. சீக்கிரம். முதலில் அந்த வார்த்தையை மாற்ற வேண்டும், அதுவேறு இருக்கிறது. இந்தக் கோப்பில் ஒவ்வொரு வரிக்கும் மேலே இது என்ன செலவு என்று தமிழில் எழுதி வைத்தது நான்தான், அனீஸ் கேட்டான் என்று. இந்த வரிக்கு மேலே ஆங்கிலத்தில் இருந்ததை அப்படியே தமிழாக்கி "தூங்கும்போது ஆகும் செலவு" என்று எழுதிவிட்டேன். அந்தப் பிள்ளை அதை நம்பி, செலவு குறையட்டும் என்று முன்கூட்டியே பழகிக்கொள்ள, வேலை முடிந்த போதெல்லாம் விளையாட்டுக்குள்ளே ஓடிப்போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டிருந்திருக்கிறான். ரோபோ தூங்க அல்ல, தான் தூங்க. ரோபோவுக்குக் கட்டில் எங்கே இருக்கிறது என்று யோசித்து, பாவம், தன் கட்டிலில் அதற்குப் பதிலாகத் தானே படுத்திருக்கிறான். நேற்றுத்தான் சொன்னான். "அக்கா, எத்தன தடவதான் ஒறங்குறது, ஒடம்பே வலிக்குது." நானும் மதுவந்தியும் சிரித்த சிரிப்பில் மாமி ஓடிவந்து என் காலைத்தான் தொட்டுப் பார்த்தாள். வேறு வார்த்தை. ஓய்வு? ஓய்வு என்றால் பணி ஓய்வு மாதிரி இருக்கிறது, மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள். செயலற்ற நிலை? ஐயோ, ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர்களை வெளியே கூப்பிட்டுச் சொல்கிற வார்த்தை, என் மக்ரூன் மேல் அதை எழுத மாட்டேன். வெறுமனே? வெறுமனே நின்றது என்றால் என்னவோ கையில் சாமான் இல்லாமல் நின்ற மாதிரி. ஒன்றும் செய்யாமல் நிற்கும்போது, அது வரியைத் தாண்டிப் போகிறது. தூங்கவும் இல்லை, வேலையும் இல்லை, ஆனால் இருக்கிறது, விளக்கு எரிகிறது, கூப்பிட்டால் ஏன் என்று கேட்கும். அதற்கு நம் ஊரில் என்ன சொல்வோம்?

சும்மா. அட, சும்மா. வாய்க்குள்ளேயே கிடந்திருக்கிறது. சும்மா இருக்கும்போது ஆகும் செலவு. அனீசுக்கு விளங்கும், அவன் உம்மாவுக்கு விளங்கும், மாமிக்கு விளங்கும். ஆனால் இதற்கு விலை போடுவதுதான் கஷ்டம், எத்தனை சும்மா இருக்கிறது. கறிவேப்பிலை சும்மா கொடுத்தான் என்றால் காசில்லாமல். சும்மா இரு என்றால் வாயை மூடு. சும்மா சும்மா கூப்பிடாதே என்றால் ஓயாமல். சும்மா சொல்லக் கூடாது என்று ஆரம்பித்தால் அடுத்தது பாராட்டு. சும்மா சொன்னேன் என்றால் பொய். கல்யாணமான புதிதில் அவர் கப்பலிலிருந்து பேசுவார், லைன் கொரகொரக்கும், நான் பதறிக்கொண்டு என்ன, என்ன ஆச்சு என்பேன், ஒண்ணுமில்லட்டி, சும்மாதான் என்பார். அந்தச் சும்மாதானுக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அதற்கு என்ன நம்பர் போடுவது? இன்ஜின் ரூமில் என்ன வேலை என்று ஒருமுறை கேட்டேன். நங்கூரம் போட்டுவிட்டால் உங்களுக்கு லீவுதானே என்றேன், தெரியாமல். சிரித்தார். "கப்பல் நின்னா கப்பல் செத்துட்டுன்னு நெனச்சியா? பெரிய இன்ஜின்தான் நிக்கும். ஜெனரேட்டர் ஓடும்லா. லைட்டு வேணும், தண்ணி வேணும், மீனு கெட்டுப் போவாம இருக்கணும், எடம் வந்துட்டு வாங்கன்னு கூப்பிட்டா ஒடனே கெளம்பணும். கொஞ்சமா எண்ணெ குடிக்கும். ஆனா குடிக்கும்." கொஞ்சமாக, ஆனால் குடிக்கும். அப்புறம் என்ன. பூஜ்யம் இல்லை, ஒன்றும் இல்லை, பத்தில் ஒன்று. பால் ஒரு டம்ளர், முட்டை ஒன்று, இரண்டு அல்ல மாமி, ஒன்று. யாருக்காகவும் வளைக்கவில்லை, நிற்கிற எல்லோருக்கும் இதுதான். மக்ரூன் தாங்குமா? தாங்கலாம். தாங்காமலும் போகலாம். அதற்கு மேல் என்னால் முடியாது.

தட்டுகிறேன், தமிழில் சு, ம், மா, ஒவ்வொன்றாக, பிறகு நம்பர், பூஜ்யம் புள்ளி ஒன்று, சேமி, அனுப்பு, ஒரு வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, போயிற்று, திரை கறுத்துவிட்டது. லேப்டாப் செத்தது. அதற்கு நெட் கொடுத்துக்கொண்டிருந்த போனும் கூடவே செத்தது, உடன்கட்டை. கறுத்த திரையில் என் முகம், தலைமுடி கூட்டைப் பிரித்த மாதிரி. பரவாயில்லை, போய்விட்டது, போகும்போது பார்த்தேன். பூஜ்யம் புள்ளி ஒன்று. புள்ளி. புள்ளி வைத்தேன் அல்லவா? வைத்தேன். எந்தப் புள்ளி? ஐயோ. தமிழில் தட்டிக்கொண்டிருந்தேன். சும்மாவுக்கு ம் போட்ட கை. நம்பருக்கு வரும்போது கீபோர்டை ஆங்கிலத்துக்கு மாற்றினேனா? மாற்றாமல் அதே விரல் அதே விசையைத் தட்டியிருந்தால் அது தசமப் புள்ளி இல்லை, மெய்யெழுத்துக்கு வைக்கிற புள்ளி, பூஜ்யத்தின் தலைமேல் போய் உட்கார்ந்திருக்கும். மெய்ப்பூஜ்யம். பூஜ்யத்துக்கு மாத்திரை அரை. சிரிக்காதே, இது சிரிக்கிற விஷயமா? சர்வர் அதை எப்படிப் படிக்கும்? தலையில் இருக்கிறதைத் தள்ளிவிட்டுப் பூஜ்யமும் ஒன்றும் சேர்த்து ஒன்று என்று படித்தால்? ஒன்று. மதுவந்தியின் ஒன்று. நானே என் கையால், ஒரு புள்ளியால். மாமியிடம் போன் கேட்கலாம் என்றால் அவள் போனைக் காலையிலேயே எடுத்துக்கொண்டு போய் நடு அறையில் ஜெபமாலையோடு ஜெபமாலையாகத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்ததில் அதுவும் உயிரை விட்டுவிட்டது. எழுந்து போகவா? எங்கே? பக்கத்து வீட்டுக்கா? இந்தக் காலோடா? வாசல்படிவரை போக ஆயிரத்து ஐந்நூறு. என்னிடம் அவ்வளவு இல்லை.

மாற்றினேன் என்று நினைக்கிறேன். இல்லை, மாற்றவில்லை. விரலைக் கேட்டால் தெரியும், விரல் சொல்ல மாட்டேன் என்கிறது. அடுப்பை மூடினோமா என்று கேட்கிற ஆளைக் கிண்டல் செய்தேன், இதோ எனக்கு வந்துவிட்டது. அனீஸ் சாப்பிட்டு முடித்திருப்பான், அவன் வீட்டில் இன்றைக்கு என்ன, கல்யாணக் களரிச் சாப்பாடு ஏதாவது இருந்தால் இன்னும் கை கழுவியிருக்க மாட்டான், இறைவா, அவன் மறுசோறு வாங்கட்டும். வாங்கினாலும் என்ன, கோப்பு போய்விட்டது. மலைக்குள்ளே இருட்டில் ஒரு பச்சை விளக்கு, அது மட்டும் தெரிகிறது எனக்கு. அப்புறம் அதுவே இன்னொரு விளக்காகிறது, தண்ணீர்மேல், தூரத்தில், நங்கூரச் சங்கிலி தளர்ந்து தளர்ந்து இறுகுகிறது, யாரோ பெரிய இன்ஜினையும் நிறுத்தி சின்ன இன்ஜினையும் நிறுத்திவிட்டார்கள், மீன் கெடப்போகிறது, வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே. வேர்வை காதுக்குள் இறங்குகிறது. காக்கை வந்துவிட்டது, முட்டையைப் பார்க்கிறது, என்னைப் பார்க்கிறது, எடுத்துக்கொள் தாயே. மாமியின் மரியாயே வேகம் குறைந்து குறைந்து ஒரு இடத்தில் நின்றே போயிற்று, தூங்கிவிட்டாளா, உட்கார்ந்தபடியேவா. அவள் கழுத்து வலிக்குமே. நான் தூங்கவில்லை. நான் சும்மாதான் கண்ணை மூடியிருக்கிறேன்.

"கரண்ட் வந்துட்டேய்!" தெருப் பிள்ளைகள் மொத்தமாகக் கத்துகிறார்கள், எந்தத் திருவிழாவுக்கும் இவ்வளவு சந்தோஷமாகக் கத்தியதில்லை. மின்விசிறி ஒரு தடவை முனகிவிட்டுச் சுற்றத் தொடங்குகிறது, ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாகிவிட்டது, கன்னத்தில் தலையணைத் தையல் பதிந்திருக்கிறது, அப்படியானால் தூங்கியிருக்கிறேன். முட்டை இல்லை. மாமி நடு அறையில் எழுந்து, "யேசுவே, பால வைக்கணுமே" என்கிறாள். போனைச் சொருகினேன், அது யோசித்து யோசித்து உயிர் வந்ததும் முதலில் அனீஸ், சத்தமில்லாமல் எழுத்தில். அக்கா, பூஜ்யம் தலையில பொட்டு வச்சு அனுப்பிருந்தீங்க, சர்வர் மொரண்டு புடிச்சுட்டு. நான் அந்தப் பொட்ட எறக்கிக் காலடியில வச்சிட்டேன். பூஜ்யம் புள்ளி ஒண்ணுதான, என் பக்கம் இழுக்கல, அல்லா மேல ஆண. சும்மான்னு போட்டது சூப்பர்க்கா, இனி நான் ஒறங்க வேணாம்லா? அடே என் ராசா. உன் கரும்பு செழிக்கட்டும். அடுத்தது மதுவந்தி: பத்தில் ஒண்ணா, எப்படி வந்துச்சு இந்த நம்பர், வழிமுறை காட்டு. வழிமுறைக்கு நங்கூரம், முட்டை, மாவுக்கட்டு என்று எழுதி அனுப்பலாம், ஒரு மதிப்பெண்ணும் போட மாட்டாள். சில்வெஸ்டரிடமிருந்து எதுவும் இல்லை. கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தேன், எதுவும் இல்லை. சரி. லேப்டாப்பைத் திற.

என் அடுக்களை அப்படியே இருக்கிறது, கட்டை அடுப்பு, கட்டைப் பானை, தரையில் சாம்பல்நிறக் கல். வெளியே அந்த உலகத்திலும் சாயங்காலம், சதுரச் சூரியன் மலைமேல் உட்கார்ந்திருக்கிறது. குகைப் பக்கம் போகலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வாக்கு கொடுத்திருக்கிறேன், போகவில்லை. அடுக்களை நடுவில் நின்றேன், சும்மா. அப்போதுதான் மூலையில் ஒரு வரி வந்தது: சில்வெஸ்டர் உள்ளே வந்தார். அவ்வளவுதான், எந்திரம் தானாக எழுதுகிற வரி, யார் வந்தாலும் அதே வரிதான், இரண்டு தடவை படித்தேன். நான் எழுதுவதற்குள் காலுக்குக் கீழே டொக் என்றது. டொக். டொக். கல் தரையில் ஒரு கட்டை விரிசல் விட்டு, விரிசல் பெரிதாகி, உடைந்து, அந்தச் சதுர ஓட்டையிலிருந்து மக்ரூன் எழும்பியது, முதுகைக் காட்டிக்கொண்டு, தலை முழுக்கக் கற்பொடி. நின்றது. பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பியது. அந்த இரண்டரையை அது செலவழித்ததை நான் பார்த்தேன். பச்சை விளக்கு மங்கலாக, அணைவதா வேண்டாமா என்று மின்னுகிறது. வயிற்றில் மிச்சம் நூற்றுக்கு மூன்று.

எப்ப வந்து சேந்தான் என்று எழுதினேன், அவசரத்தில் இரண்டு எழுத்து தப்பாகப் போயிற்று. போன வாரமே ஒங்க அடுக்களைக்குக் கீழ வந்துட்டான், என்று வந்தது. ஒரே ஒரு கல்லு பாக்கி. நான் இருக்கும்போது ஒடச்சாதான் நல்லாருக்கும்னு நிக்கச் சொல்லிட்டேன். அதுக்குள்ள சிக்னல் போயிட்டு. இப்பதான் துறைமுகத்துல கட்டியிருக்கோம். ஒரே ஒரு கல். நான் அந்தத் தரைமேல் நின்று எத்தனை நாள் கட்டைப் பானையில் கட்டைச் சோறு பொங்கினேன், கீழே அது விளக்கை ஏற்றிக்கொண்டு நின்றிருக்கிறது. தோண்டுகிறவன் எங்கே நிற்கப் போகிறான் என்று நினைத்தேனே. மதுவந்தியின் ஒன்றாக இருந்தால், புள்ளி மட்டும் இறங்காமல் இருந்திருந்தால், என் காலடியில், ஒரு கல்லுக்குக் கீழே, எல்லாவற்றையும் மறந்துவிட்டுக் கிடந்திருக்கும். அழுகிறேனா என்ன. அழுகிறேன், ஆமாம், அழுதால் என்ன. ஒங்களுக்கு ஒண்ணும் இல்லையே, என்று எழுதினேன். ஏதாவது சொல்லணுமா, ஒடம்புக்கு ஏதாவதா, எதுக்கு வந்ததும் வராததுமா இங்க வந்தீங்க?

"யார்ட்டம்மா பேசுத?" மாமி பால் கரண்டியோடு வாசலில் நிற்கிறாள், கண்ணாடி ஆவி பிடித்திருக்கிறது. நான் வாய்விட்டுப் படித்துக்கொண்டு தட்டியிருக்கிறேன் போல. "ஒங்க மவன்ட்டதான் மாமி. வந்துட்டாங்க." கரண்டியோடு உள்ளே வந்தாள். "என்னவாம்? என்னம்மா செய்தி, சொல்லு, ஏன் அழுத?" திரையில் அடுத்த வரி வந்தது. நான் படித்தேன், பிறகு அவளுக்காக ஒருமுறை சத்தமாகப் படித்தேன்.

"சும்மாதானாம், மாமி."

மாமி அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள், என் கால் மாட்டில், மாவுக்கட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு. "சும்மாதானா," என்றாள். அடுக்களையில் பால் பொங்கி வழிகிற வாடை வந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.